பாறையில் காய்ந்த புரோகிராம்

துறைத் தலைவரே, கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து என்னைத் துரத்தப் பார்த்தவர் நீங்கள்தான். "உங்க மலையில கரண்டே இல்ல, உனக்கு எதுக்குப்பா இது? பேசாம கணக்குக்கே போயிடு" என்றீர்கள். நான் நகரவில்லை. பொங்கல் லீவு முடிந்து வந்ததும் புரோகிராமை ஓட்டிக் காட்டு, ஓடாவிட்டால் இந்தப் பக்கம் வராதே என்றீர்கள். மற்றவர்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டலாம். எனக்கு மட்டும் ஒரே தடவை.

அந்தக் காலத்தில் புரோகிராம் என்றால் ஒரு கட்டு அட்டை. வரிக்கு ஓர் அட்டை, அதில் மெஷின் போட்ட ஓட்டைகள். வரிசை மாறினால் எல்லாம் பாழ். தாறுமாறாகக் கிடக்கும் எண்களை ஏறுவரிசையில் அடுக்குவது என் புரோகிராமின் வேலை. லீவுக்கு விடுதியைப் பூட்டிவிட்டதால், அந்த அட்டைக்கட்டையும் பையில் போட்டுக்கொண்டு மலைமேல் இருக்கும் எங்கள் நெல்லிவாசல்நாட்டுக்கு ஜீப் ஏறினேன்.

மறுநாள் ஓடையில் குளித்துவிட்டு வந்தால், பாறை முழுக்க என் அட்டைகள். எங்கள் பக்கம் சாமையோ புளியோ, பூச்சி விழுந்தால் பாறையில் பரப்பி வெயில் காட்டுவோம். அக்கா அதைத்தான் செய்திருந்தாள். தானியத்தைத் துழாவுவதுபோலக் காலால் துழாவியும் விட்டிருந்தாள்.

"இன்னாடா இது, எல்லாத்தையும் பூச்சி அரிச்சிக் கெடக்குது? உங்க ஆஸ்டல்ல மருந்தே அடிக்க மாட்டாங்களா?"

"பூச்சி இல்லக்கா! ஓட்டை போட்டதே நான்தான்!"

"நீயா? சாமை வித்துப் படிக்க வெச்சா, அங்க குந்திக்கினு ஓட்டை போடறியா?"

கத்தினேன். அவளும் கத்தினாள். பிறகு இருவரும் உட்கார்ந்து பொறுக்கினோம். அட்டையின் மேல் விளிம்பில் வரி மங்கலாக அச்சாகியிருக்கும். நான் படித்துச் சொல்ல, அவள் அடுக்கினாள்.

"இது எங்கடா போவணும்?"

"ரெண்டு எண்ணுல எது பெருசுன்னு பாக்கற வரிக்கா அது. பெரிசைப் பின்னால தள்ற வரிக்கு முன்னாடி வையி."

"பாத்துட்டுத்தான தள்ளணும். இதைச் சொல்லித்தரவா அவ்ளோ பெரிய காலேஜு?"

சிரித்துவிட்டேன். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதியவன் நான். பாறையில்தான் ஒவ்வொரு வரியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. இரண்டு எண்களை இடம் மாற்றும்போது முதலாவதை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. ஒன்றின்மேல் இன்னொன்று விழுந்து அழிந்திருக்கும். அக்கா அட்டைகளைக் கலைக்காவிட்டால் நான் தொலைந்திருப்பேன். பாறையில் எழுந்து நின்று குதித்தேன். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு" என்றாள்.

சுருண்ட அட்டைகளைக் கேழ்வரகு அரைக்கும் கல்லுக்கடியில் வைத்து நிமிர்த்தினோம். காலேஜுக்குப் போனதும் விட்டுப்போன வரிக்கு ஓர் அட்டை போட்டுச் செருகினேன். அட்டைகள் சரசரவென்று மெஷினுக்குள் போயின. பிரிண்டர் கத்தியது. ஏறுவரிசை! ஓர் எண்கூடப் பிசகவில்லை. நீங்கள் தாளைப் பார்த்தீர்கள், என்னிடமே நீட்டிவிட்டுப் போனீர்கள். நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு சாப்பாட்டு மணி அடித்தாலும் அந்த அறையை விட்டு நகர மாட்டேன். வேறெந்த வேலையும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

இப்போது மேடையேறி, மலைப் பிள்ளைக்கே கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவன் என்று பேசுகிறீர்களாம். அடுத்த பழைய மாணவர் கூட்டத்துக்கு நான் வருகிறேன், அக்காவும் வருகிறாள். மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். எனக்கு மட்டும் ஏன் ஒரே தடவை?