காயாத விபூதி

ஜுரம் விட்டுவிட்டது என்று நான் மாதேஸ்வரனுக்கு நன்றி சொன்ன அந்தக் காலையில்தான் எங்கள் ரஞ்சிதா எங்கள் கையைவிட்டு நழுவத் தொடங்கியிருந்தாள். எனக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. மாதேஸ்வரன் மலையைப் பார்த்துக் கும்பிடுகிற உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அதனால் சொல்கிறேன்.

மைசூருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பெண்கள் உறைவிடப் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியை. பிறந்தது கொள்ளேகால் பக்கம். கணவர் போனபிறகு பள்ளி வளாகத்திலேயே தங்கிவிட்டேன். ஏழாம் வகுப்புப் பெண்களின் விடுதிக்கும் நான்தான் பொறுப்பு. என்னைக் கண்டால் அவர்களுக்குக் கொஞ்சம் நடுக்கம்தான், இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். என் அறையில் மாதேஸ்வரன் புலிமேல் அமர்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. வெளியே கிளம்புகிற பெண்கள் அங்கே வந்து நெற்றியில் விபூதி வாங்கிக்கொண்டு போவார்கள். அப்போது மட்டும் யாரும் நடுங்கமாட்டார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வரும் நாள். அன்று பெண்களை வெளியே அழைத்துப்போகலாம். ஆனால் காய்ச்சல் கண்டவளை நோயாளி அறையில் படுக்கவைத்துவிடுவார்கள், அவளுக்கு அந்த ஞாயிறு கிடையாது. அதனால் பெண்கள் தங்களுக்குள்ளே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அந்த வாரத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லோரும் சேர்ந்து மறைக்கவேண்டும். வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளவேண்டும். காட்டிக்கொடுத்தவளோடு அந்தப் பருவம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

போன வருஷம் ஆடி மாதம். மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. பூந்தொட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தது, கொசு மொய்த்தது. பெற்றோர் வருவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை மாலைப் படிப்பு நேரத்தில், ரஞ்சிதா மேசைமேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். நெற்றியைத் தொட்டேன். அனலாகக் கொதித்தது.

"எப்பலேருந்து இப்படி?"

"இன்னைக்குத்தான் மிஸ்."

சுற்றியிருந்த ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்த அனன்யா மட்டும் என்னை ஒருமுறை பார்த்தாள், உடனே புத்தகத்துக்குள் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வை எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

ரஞ்சிதா ஹனூர்க்காரி. அப்பாவுக்கு மஞ்சள் விவசாயம். மறுநாள் ஆடி அமாவாசை. வேன் வைத்துக்கொண்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு நேராக மாதேஸ்வரன் மலைக்குப் போய்ப் பொங்கல் வைப்பதாக வேண்டுதல். நோயாளி அறைக்கு நான் நடத்திக்கொண்டு போகையில் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு என்னைப் படுக்க வெச்சிராதீங்க மிஸ். அம்மா ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருக்காங்க" என்று அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. மேட்ரன் பத்மம்மாவிடம் அவளை ஒப்படைத்துவிட்டு, அறைக்கு வந்து விளக்கேற்றி உட்கார்ந்தேன். "மாதப்பா, விடியறதுக்குள்ள இவ உடம்பைக் குளிர வை. உன்கிட்டதானே வர்றா" என்று வேண்டினேன்.

விடிந்தபோது அவள் உடம்பு குளிர்ந்திருந்தது.

"ஏனூ இல்ல மேடம், ஒண்ணுமில்ல, ஜுரம் ஓடிப்போச்சு" என்று பத்மம்மா தன் கன்னடத் தமிழில் சிரித்தார். நான் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிட்டானே என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பெண்கள் பாவாடை சட்டையும் பூவுமாக வரிசையில் வந்தார்கள். ரஞ்சிதாவின் முறை வந்தது. விபூதியை இட்டேன். இட்ட இடத்திலேயே அது குழைந்து சேறுமாதிரி ஆனது. "முகம் கழுவிட்டுத் துடைக்கலையா?" என்று அதட்டினேன். "துடைச்சேன் மிஸ்" என்றாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முந்தானையால் ஒற்றிவிட்டு மறுபடி இட்டேன். மறுபடியும் குழைந்தது. என் விரலுக்குக் கீழே அவள் நெற்றி மண்பானைத் தண்ணீரைப்போல இருந்தது. நான் கேட்ட குளிர்ச்சிதான் அது. ஆனால் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என்னால் அறையில் இருக்க முடியவில்லை. அவள் பின்னாலேயே பள்ளி கேட்டுவரை போனேன். நல்ல வெயில் வந்திருந்தது. மற்ற பிள்ளைகளின் நெற்றியில் விபூதி வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. இவள் நெற்றியில் மட்டும் அது கரைந்து புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேனுக்குள் பொங்கல் பானையும் விறகும் தெரிந்தன. அம்மா இறங்கி ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு இவளை அனுப்ப முடியாதுங்க" என்றேன்.

"காச்சல்தான் உட்டுருச்சுன்னு மேட்ரன் போன்ல சொன்னாங்களே டீச்சர்" என்றார் அம்மா.

"விட்டிருக்கு. ஆனா எனக்கு மனசு சரியில்ல."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங் டீச்சர், நீங்களும் மலைக்குப் போறவங்கதானுங். சாமி காரியத்துக்குக் குறுக்க நிக்கலாமுங்களா? இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் யாருக்குங்?"

நான் ஆடிப்போனேன். அமாவாசை நாளில், சாமியைப் பார்க்கப் புறப்பட்ட பிள்ளையை, சாமி கும்பிடுகிற நானே மறிக்கிறேன். பள்ளி விதியும் என் பக்கம் இல்லை. ஜுரம் இல்லாத பிள்ளையை எந்த விதியைச் சொல்லி நிறுத்துவேன்? அப்பா அவள் கையைப் பிடித்து வேனின் படியில் ஏற்றிவிட்டார். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "அப்பனே, நேத்து நான் கேட்டது தப்பா இருந்தா அதைத் திருப்பி எடுத்துக்கோ. இவளை உன் மலைக்கு விடாம நிறுத்துறது பாவம்னா அதை என் தலையில போடு. எனக்கு ஒண்ணும் புரியல. யாரையாவது பேச வை."

கண்ணைத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

அப்போது பின்னால் யாரோ விம்மும் சத்தம். மைசூர் அக்ரஹாரத்திலிருந்து வந்திருந்த தன் அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறப்போன அனன்யா, அதை விட்டுவிட்டு நடுவாசலில் நின்றாள். விடுதிப் பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒருத்தி வேண்டாம் என்று தலையை அசைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"மிஸ், அவளுக்குப் புதன்கிழமையிலிருந்தே ஜ்வரா" என்றாள். "நாங்கதான் மாத்திரை கொடுத்து மறைச்சோம். நேத்து சாயங்காலத்திலிருந்து அவ ஒண்ணுக்கே போகல மிஸ். காலையில டிரஸ் பண்றப்ப இதைச் சொன்னா, வயிறும் வலிக்குதுன்னா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

நானும் ஏறிக்கொண்டேன், வேன் மலைக்குப் போகவில்லை. பொங்கல் பானை உருள, விஜயநகர் பக்கம் இருந்த மருத்துவமனைக்கு ஓடியது. வழியிலேயே ரஞ்சிதாவின் கண் சொருகத் தொடங்கியது. அவள் விரல் நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன.

டெங்கு. இரத்த அழுத்தம் அடியோடு இறங்கியிருந்தது. "இந்த நோயில ஜுரம் கொதிக்கிறப்பவிட அது இறங்குற நேரம்தான் பயம்" என்றார் மருத்துவர். "உடம்பு வேர்த்து ஜில்லுன்னு ஆனதும் சரியாயிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. எங்க கிளம்பிக்கிட்டு இருந்தீங்க?" அம்மா மலையின் பெயரைச் சொன்னார். அந்தக் காட்டுப் பாதையில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை என்று மருத்துவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். உடனே திரும்பி உள்ளே போய்விட்டார்.

அன்று முழுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம் நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம். எங்களுக்கு இல்லை என்று தெரிந்து உட்கார்ந்தோம். மறுபடி வேண்ட எனக்குப் பயமாக இருந்தது. என்ன கேட்டால் என்ன கிடைக்குமோ என்று பயம். "உனக்குத் தெரியும் அப்பா, எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் நர்ஸ் வெளியே வந்து, "யூரின் போயிட்டாம்மா, பிரஷரும் ஏறுது" என்றார். அந்தச் செய்திக்கு ஒரு தாய் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அப்பா என்னிடம் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விடுதியில் அனன்யாவோடு யாரும் பேசவில்லை. நான் திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். பிள்ளைகளின் சட்டத்துக்கு முன்னால் என் அதட்டல் எடுபடவில்லை. மெலிந்து திரும்பிவந்த ரஞ்சிதா, முதல் நாள் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து நேராகப் போய், தனியாக உட்கார்ந்திருந்த அனன்யாவின் பக்கத்தில் தட்டை வைத்துப் பேசத் தொடங்கினாள். அன்றோடு அந்தச் சட்டம் செத்தது. நானும் நிர்வாகத்தோடு சண்டைபோட்டு எங்கள் சட்டத்தை மாற்றவைத்தேன். இப்போது படுத்திருக்கும் பெண்ணையும் அந்த ஞாயிறு அம்மா உள்ளே வந்து பார்க்கலாம்.

நான் கேட்ட அந்தக் குளிர்ச்சியை மாதப்பன் கொடுத்த வரம் என்று இப்போது நான் நினைக்கவில்லை. நான் கேட்கத் தெரியாமல் கேட்டதற்கு அடியில் என்ன இருந்ததோ அதைக் கொடுத்தான். ஒரு சின்னப் பெண்ணின் வாயைத் திறந்து கொடுத்தான். உங்களுக்கும் இருட்டான ஒரு வேளை வரும். வேண்டிக்கொள்ளுங்கள், விடாமல் வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிவிட்டு உங்கள் பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பாருங்கள். உறுத்தல் ஒன்று வந்தால் அதையும் அவன் அனுப்பியதாக நினைத்து நில்லுங்கள்.

தை அமாவாசைக்கு அந்தப் பொங்கல் மலையில் பொங்கியது. அனன்யாவையும் அவள் வீட்டில் கேட்டுக் கூட்டிப்போயிருந்தோம். கோயில் வாசலில் ரஞ்சிதா என் முன்னால் வந்து நெற்றியைக் காட்டினாள். விபூதியை இட்டுவிட்டு நான் அங்கேயே நின்றேன். "என்ன மிஸ்?" என்றாள். ஒன்றுமில்லை, நில்லு என்றேன். அது காயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.