ஏழு ஒன்றுகள்

யூனிஸ் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். புருஷன் காய்ச்சலில் போய் நாலு வருஷம். பிள்ளையும் இல்லை. 1912-ல் உபாத்தியாயர் கூட்டத்தில் ஒருவர் கரும்பலகையில் வரிசையாக ஏழு ஒன்றுகளை எழுதினார்.

"பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு. ஒண்ணையும் இதையும் விட்டா, இத மீதியில்லாம வகுக்க வேற ஒரு எண் உண்டுமா? பொம்பளையளும் பாக்கலாம்" என்றார். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை. பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஆயிரத்து ஐம்பத்துநாலைத் தாண்டவும் வேண்டாம். அதைவிடப் பெரிய எண் வகுத்தால், ஈவாக வரும் அதன் ஜோடி ஆயிரத்து ஐம்பத்துநாலுக்குள்தான் இருக்கும். அப்படியும் நூற்று எழுபத்தேழு வகுத்தல்கள். நாலு மாதம் ஆயிற்று. ஒவ்வொன்றிலும் மீதி விழுந்தது.

"அப்பம் இது பகா எண்தான்!" என்று தலைமையாசிரியர் அப்பாத்துரை பூரித்துப் போனார். ஊரெல்லாம் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அந்த முடிவை அவளே வாசிக்க வேண்டும், மேல்வகுப்புக் கணக்கும் இனி அவளுக்குத்தான் என்றார்.

கூட்டத்தன்று காலை, தாள்களைச் சரிபார்த்தபோது 239-ல் அவள் கை நின்றது. 1171-ல் 956 போனால் 215. அவள் 205 என்று எழுதியிருந்தாள். திரும்ப வகுத்தாள். ஈவு 4649, மீதி ஒன்றுமில்லை. தாள்களோடு அப்பாத்துரையிடம் ஓடினாள்.

அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். "வேற யாருக்கும் தெரியுமா?"

"இல்லங்கய்யா."

"எவன் உக்காந்து இத்தனையும் வகுத்துப் பாக்கப் போறான்? பேசாம வாசிங்கம்மா. எம் மானத்தையும் பாக்கணும்லா?"

"தப்புன்னு தெரிஞ்சே எப்படி வாசிக்க?"

"அப்பம் மேல்வகுப்ப மறந்துருங்க."

அவர் சொன்னதும் நிஜம். யாரும் வகுத்துப் பார்க்கப் போவதில்லை. வழியெல்லாம் அதுவே அவளை அரித்தது. மேல்வகுப்பு வேண்டும் என்ற ஆசையும் அவளுக்குக் கொஞ்சமல்ல.

மேடை ஏறினாள். வாசிக்க வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, கரும்பலகையில் 4649-ஐ 239-ஆல் பெருக்கினாள். கடைசி வரியில் ஏழு ஒன்றுகள் வந்து நின்றன.

"இதுக்கு வகுத்தி உண்டு. இல்லைன்னு நான் சொன்னது தப்பு" என்றாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பாத்துரை குனிந்த தலை நிமிரவில்லை.

மேல்வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. யூனிஸ் இன்னும் ஏழு வருஷம் மூன்றாம் வகுப்பிலேயே இருந்தாள். எந்தக் கழித்தலையும் இரண்டு தரம் பாராமல் அவளால் விட முடியவில்லை, பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகும் வழியில் அப்பாத்துரை எதிர்ப்பட்டால், அவர் குடையை முகத்துக்குச் சாய்த்துக்கொண்டு போவார். அவள் ஒவ்வொரு தடவையும் "ஸ்தோத்திரம் அய்யா" என்று கும்பிடுவாள்.