நான் மிதித்த இடுப்பு

நான் கால் முன்னால் வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். யாரிடமும் அதிகம் பேசாத என்னை, ஓசூர் கம்பெனியில் பலரும் தேடி வந்தது அதற்காகத்தான். எனக்கும் அது பெருமையாக இருந்தது.

பேரிகை ஊர்க்காரன் முனிராஜு, பக்கத்து மெஷினில் நாள் முழுக்கப் பெடல் மிதிப்பவன். "இடுப்புல இருந்து குதிகால் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்குதுண்ணா. ஒரு மிதி மிதிங்க" என்றான். சாப்பாட்டு நேரத்தில் அட்டையை விரித்துக் குப்புறப் படுத்தான்.

"பாத்துண்ணா, சூப்பர்வைசர் மேல இருக்கிற கோவத்த எம்மேல காட்டிடாதீங்க."

மூன்றாவது மிதியில் அலறினான். எழுந்து நடந்தபோது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போனேன். "இது பிடிப்பு இல்ல. முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போற நரம்ப அமுக்குது. யாராவது மிதிச்சாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்றான் முனிராஜு, என்னைப் பார்க்காமல். நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

பிறகு வலி குறைந்தது. பாதத்தை மட்டும் அவனால் சரியாகத் தூக்க முடியவில்லை. பெடல் மிதிக்க முடியாமல் வேலையை விட்டான்.

இப்போது யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், நான் தலை முன்னால் பிறந்தவன் என்று பொய் சொல்லி, டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். அன்று மிதித்தது நான்தான் என்பதை முதன்முதலாக இங்கேதான் சொல்கிறேன்.