எரிக்கிறதா, ஏத்துறதா?

சிடி எழுதிக் கொடுக்கிற தொழிலில் பாதி வேலை காத்திருப்பது; மீதிப் பாதி, காத்திருக்கிறவர்களுக்குச் சமாதானம் சொல்வது.

தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் பல வருஷமாக இதைத்தான் செய்கிறேன். சொந்த ஊர் நாசரேத். அப்பா வாத்தியார், அம்மா டீச்சர். நான் படித்தது விலங்கியல். தவளையை அறுத்துப் பார்த்தவள் கம்ப்யூட்டரையும் அப்படியே அறுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும். மத்தியானம் உப்புக்காற்று உள்ளே வரும், டிரைவ் ஒரே சுருதியில் சுற்றும், எனக்குக் கண் சொக்கும். அப்படிச் சொக்கின நேரத்தில் எத்தனை சிடி பாழாய்ப் போயிருக்கிறது என்று கேட்காதீர்கள்.

சிடி எழுதும்போது மவுஸ் நகராமல், பாட்டு திக்கித் திக்கிப் பாட, கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் உங்களில் யாராவது இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. இந்த நோவு பட்டவர்களுக்குத்தான் இது புரியும். நான் சொல்லப்போவதெல்லாம் பென்டிரைவ் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்னால் நடந்தது.

பச்சைக் கோடு

நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம், யாருடைய பூப்புனித நீராட்டு விழாவோ, எழுதச் சொல்லிவிட்டு மவுஸை நகர்த்தினால் அம்பு அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குதி குதித்து வேறொரு மூலையில் போய் நின்றது. பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற படத்தைத் திறந்தேன். அதில் ஒரு பச்சைக் கோடு உண்டு. சும்மா இருந்தால் அடியில் நெளியும், வேலை வந்தால் எழும்பும். அன்றைக்கு அது உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு, இறங்கவே இல்லை. நூறு சதவீதம். எட்டு நிமிஷத்தில் முடிய வேண்டிய சிடி முக்கால் மணி நேரம் எடுத்தது.

முக்கால் மணி நேரமும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக, நீளமாக, ஆடாமல். வெளியே கடல் முடிகிற இடமும் அப்படியே ஒரு கோடாகத்தான் இருந்தது. எதைப் பார்க்கிறேன் என்றே கொஞ்ச நேரத்தில் தெரியவில்லை. கீழே டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி டம்ளரை வைத்துவிட்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் கடை வைப்பதற்கு முன்னால் இருபது வருஷம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர்.

"இது என்னம்மா, அலையே இல்லாம கிடக்கு? நல்லதுக்கில்ல."

எல்லாரும் டாக்டர்

கம்ப்யூட்டருக்கு ஒன்று வந்துவிட்டால் ஊரில் டாக்டர் அல்லாதவர் கிடையாது. போட்டோ ஸ்டுடியோக்காரர் மெமரி பத்தாது என்றார், கூட ஒன்று வாங்கிப் போட்டேன். வீடியோ எடுக்கிறவர் சூடு என்றார், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். எனக்கு வேர்த்ததுதான் மிச்சம். வைரஸ் பிடிக்கிற புரோகிராமை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், கோட்டை முறைத்துப் பார்த்தேன். எழுத ஆரம்பித்தால் நூறு. என்ன செய்தாலும் நூறு.

ஆறுமுகநேரி உப்பளத்து மேஸ்திரி ஒருத்தர், மகள் காதுகுத்து சிடிக்காகக் காத்திருந்தவர், எல்லா வைத்தியத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பெட்டியின் பின்பக்கத்தை விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புதான். எங்க அளத்துல மோட்டாரையே வருசா வருசம் மாத்துதோம், இது பாவம் என்ன செய்யும்?"

தலைக்கு வைக்கிற எண்ணெய்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருத்தர் மகன் கல்யாண சிடியைக் கொண்டு வந்தார். ஐந்து காப்பி வேண்டுமாம், சம்பந்தி வீட்டுக்கு. டிரைவில் போட்டேன். அது ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது, உறுமியது, மறுபடி சுற்றியது. திறந்தால் அறை முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். சாரைக் கேட்டேன். கீறல் விழுந்திருந்ததாம், துணியில் எண்ணெய் தொட்டு நன்றாகத் தேய்த்தாராம். தலைமையாசிரியரை வைய முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சோப்புத் தண்ணியில் கழுவி, நாலைந்து தடவை முயற்சி பண்ணி, எப்படியோ உள்ளே வாங்கினேன். காப்பியெல்லாம் மறுநாள் எழுதி வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"சுத்தமான எண்ணெய்ம்மா, என் தலைக்கு வைக்கிறது."

முங்கிப் பேசுன குரல்

மறுநாள் காலையில்தான் சலேத் அக்கா வந்தாள். கீழவைப்பாரிலிருந்து முதல் பஸ்ஸில். முந்தானையில் முடிந்து ஒரு ஆடியோ கேசட். அவள் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். கல்யாணமான புதுசில் கொஞ்ச காலம் வளைகுடாப் பக்கம் கப்பல் அடியில் முங்கிச் சுத்தம் பண்ணுகிற வேலைக்குப் போயிருந்தார். அப்போது இவளுக்கு ஏழு மாசம். கடிதம் எழுத வராதவர், பேசிப் பதிந்து அனுப்பிய கேசட் இது. பிள்ளை பிறந்து ஆறாம் மாதம் ஊருக்கு வந்தார். அடுத்த சீசனில் சங்குக்கு முங்கியவர் எந்திரிக்கவில்லை. கூடப் போனவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அப்பா குரல் அதற்கு நினைவே இல்லை. வீட்டில் டேப் ரெக்கார்டர் போய்விட்டது, சிடி பிளேயர்தான் இருக்கிறது. அன்றைக்குப் புதன்கிழமை.

கேசட்டைப் பார்த்தேன். பத்து வருஷம் தகரப் பெட்டியில் கடற்கரை வீட்டில் கிடந்தது. நாடா ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. ஒரு தடவை ஓடும், இரண்டாம் தடவைக்கு உத்தரவாதம் இல்லை என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். கேசட்டை ஓடவிட்டுக் குரலைக் கம்ப்யூட்டரில் பதிய ஆரம்பித்தேன். அது பாட்டுக்கு ஓடட்டும் என்று, அதே நேரத்தில் தலைமையாசிரியரின் கல்யாண சிடியையும் எழுதப் போட்டேன். பச்சைக் கோடு நூறில் போய் நின்றது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொக்கிக் கிடந்தேன்.

பதிந்ததைப் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சிடி எழுதுகிற பாரத்தில் மூச்சு முட்டிக்கிடந்த பிராசசர், குரலை அங்கங்கே விட்டுவிட்டிருந்தது. நாலு வார்த்தை வரும், ஒன்றுமே இருக்காது, பிறகு பாதி வார்த்தையிலிருந்து எழும்பும். "பொம்பளப் பிள்ளைன்னா பேரு" என்றார். அதற்கப்புறம் வெறும் அமைதி. பேரையே காணோம். சலேத் அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முங்கி முங்கி எந்திரிக்காரு, ஏளா. பிள்ளை கேட்டா பயந்துரும்."

ஜெயராஜ் கேட்ட கேள்வி

சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்று ஒரு மெக்கானிக் இருந்தான். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம். அவனுக்குப் போன் போட்டு அழாத குறையாக வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தான். பெட்டியைத் திறக்கவில்லை, மெமரியைப் பார்க்கவில்லை. இந்த டிரைவில் என்னென்ன சிடி போட்டீங்க என்று மட்டும் கேட்டான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். கடற்கரை வீடுகளிலிருந்து வந்த மணல் கீறின சிடி, மீன்வாடை அடித்த சிடி, பிள்ளைகள் தரையில் வண்டி ஓட்டின சிடி, கடைசியாக அந்தத் தேங்காய் எண்ணெய்.

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி. டிரைவுக்குத் தகவல் போக இரண்டு வழி உண்டு. ஒன்றில் டிரைவ் தானாகவே மெமரியிலிருந்து அள்ளிக்கொள்ளும், பிராசசர் கையெழுத்துப் போட்டால் போதும். இன்னொன்று பழைய வழி, அதில் ஒவ்வொரு மூட்டையையும் பிராசசரே தோளில் தூக்கிக்கொண்டு போகணும். கீறல் விழுந்த சிடிகளைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தோற்றதும், முதல் வழி சரியில்லை என்று கம்ப்யூட்டர் தானாக முடிவு கட்டிப் பழைய வழிக்குப் போய்விட்டது. போனது திரும்பவே இல்லை. செட்டிங்கில் ஒரு மூலையில் அது எழுதியே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஜெயராஜ் அந்த டிரைவ் மாட்டியிருந்த வழியையே கம்ப்யூட்டரின் கணக்கிலிருந்து அழித்தான். அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் அதைப் புதுசாகக் கண்டுகொண்டு முதல் வழிக்கே திரும்பியது. பெட்டியைத் திறந்து பழைய பட்டை வயரைக் கழற்றிப் புதுசும் மாட்டினான். சும்மா ஒரு சிடி எழுதிப் பார்த்தோம். பச்சைக் கோடு அடியில், நாலு அஞ்சில், மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் அலையைப் பார்த்தேன். இதுக்கு மேலே கீறல் சிடிக்கு வேற டிரைவ் வச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினவன், பாதியில் நின்றான்.

"அஞ்சாறு தடவ ஏமாந்தா மனுசனே நம்ப மாட்டான்க்கா."

ஒரு சொல்

சனிக்கிழமை மத்தியானம் சலேத் அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மற்ற புரோகிராம் எல்லாவற்றையும் மூடினேன். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கேசட்டை ஓடவிட்டேன்.

அவர் குரல் வந்தது. எங்கேயும் முங்காமல் வந்தது. பின்னால் ஒரு ஃபேன் சத்தம், யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். சாப்பாடு சரியில்லை என்றார், காரமே இல்லையாம். உனக்கு வாந்தி நின்னுச்சா என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சலேத் அக்கா தன்னையறியாமல் தலையை ஆட்டினாள். எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது. கேசட்டுக்குள்ளா, நம்ம துறைமுகத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. கோடு அடியில் அலைந்துகொண்டிருந்தது. பொம்பளப் பிள்ளைன்னா பேரு ஸ்டெல்லா என்றார். நான் கூப்பிட்டுப் பாக்கேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏளா ஸ்டெல்லா! அப்பா வந்துட்டேன்." அப்புறம் இரண்டு நிமிஷம் வேற பேச்சு. அதன் முடிவில் படக்கென்று ஒரு சத்தம், நாடா அறுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. வேண்டியதெல்லாம் உள்ளே வந்துவிட்டது.

இனி சிடியில் எழுதணும். என் எழுதுகிற புரோகிராமைத் தமிழில் வைத்திருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. திரையில் ஒரு பெட்டி வந்து, பெரிய எழுத்தில் 'எரிக்கவா?' என்று கேட்டது. சலேத் அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் அழுத்தப் போன கையைப் பிடித்துக்கொண்டாள்.

எரிப்பது என்றால் நெருப்பு இல்லை, உள்ளே ஒரு சின்ன வெளிச்சம்தான் எழுதுகிறது, எல்லா ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினேன். அவள் கையை விடவில்லை. அவங்க ஆட்களை மண்ணில்தான் வைப்பார்களாம், அவரையும் கல்லறைத் தோட்டத்தில்தான் வைத்திருக்கிறதாம், குரலை மட்டும் எரிக்க எப்படி விடுவது என்றாள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மூன்றரைக்கு அவளுக்குக் கடைசிக்கு முந்தின பஸ். வெறும் வார்த்தைதானக்கா என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் வெட்கமாகப் போய்விட்டது. புதன்கிழமை அவர் சொன்ன பேரை விழுங்கவிட்டவள் நான், நானா வெறும் வார்த்தை என்று சொல்வது?

அந்தப் புரோகிராமின் வார்த்தைகள் எல்லாம் தனியாக ஒரு கோப்பில் இருக்கும், நோட்பேடில் திறக்கலாம். திறந்தேன். 'எரி' இருந்த இடத்தில் 'பதி' என்று போடவா என்று கேட்டேன். அது பத்திர ஆபீஸ் மாதிரி இருக்கு என்றாள். 'எழுது' என்றேன். அவருக்குத்தான் எழுத வராதே என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அது ஒரு பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைத்துக்கொண்டிருந்தது. அவள்தான் கண்டுபிடித்தாள்.

"கோயில்ல மெழுகுதிரிய எரின்னா சொல்லுதோம், ஏத்துன்னுதான சொல்லுதோம். அவரையும் ஏத்து."

ஞாயிற்றுக்கிழமை

மாற்றி எழுதினேன். 'ஏற்றவா?' என்று பெட்டி கேட்டது. 'ஆம்' என்பதை அவளே அழுத்தினாள். ஆறு நிமிஷத்தில் முடிந்தது. அவளுக்குப் பஸ் கிடைத்தது.

திங்கட்கிழமை ஒரு தூக்குவாளியில் மீன் குழம்போடு வந்தாள். கோயிலிலிருந்து வந்ததும் பிள்ளைக்குத் தெரியாமல் சிடியைப் போட்டாளாம். புதுநன்மை வெள்ளைக் கவுனை அது பின்வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து ஏளா ஸ்டெல்லா என்று ஒரு ஆம்பளைக் குரல் கூப்பிட்டதும், யார் என்னவென்று யோசிக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னதாம். அதைச் சொல்லும்போது சலேத் அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கண்ணில் மட்டும் தண்ணீர்.

"'இந்தா வாரேம்ப்பா'ன்னு சொல்லுதா, ஏளா. அப்பான்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

அன்றிலிருந்து என் கடையில் எதுவும் எரிந்ததில்லை, ஸ்டெபிலைசர் ஒரு தடவை எரிந்ததைத் தவிர.