கோசோங் என்றால் சீனி இல்லை என்று நினைத்தேன்

முதலில் நின்றுபோனது சவரம். முப்பத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். நாலரைக்கு எழுந்து, முகம் மழித்து, ஐந்தரைக்கு வண்டியைக் கிளப்பினால்தான் ஈப்போ நகரத்துப் புந்தோங்கைச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணியடிப்பதற்குள் பள்ளிக்குப் போய்ச் சேர முடியும். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நாலரை மணிச் சவரம் என்னை விடவில்லை. என் மனைவி ராஜம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளும் மழித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு விடியற்காலை கண்ணாடி முன்னால் நின்றபோது, யாருக்காக என்று தோன்றியது. போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த மாதங்களில் வயிறு எரிந்தது, முழங்கால் வலித்தது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். இதயத் துடிப்பைத் தாளில் வரைந்து பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது, பல வருஷச் சர்க்கரை நோயும் கட்டுக்குள்தான் இருந்தது. “வயசாச்சுலா, அங்கிள்” என்றார்கள். எழுபத்தொரு வயது ஆளிடம் இதைச் சொல்ல எதற்கு இயந்திரம்? எனக்குக் கோபம் வந்தது. அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது.

எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லப்பட்டும் நன்றாக இல்லாமல் இருக்கும் என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ராஜம்மா போனபின் மகள் வாணி என்னைச் சிம்பாங் பூலாயில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டாள். எனக்கு அவள் ஒரே பிள்ளை. மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்ற கூச்சம் இருந்தது. ஆனால் தனியாக இருக்கிறேன் என்று சொல்லும் தெம்பு அதைவிடக் குறைவாக இருந்தது. அவளும் மருமகனும் தொழிற்சாலை வேலைக்குக் காலையில் கிளம்பினால் மாலைதான் திரும்புவார்கள்.

ஒரு நாள் புந்தோங் போய் முடி வெட்டிக்கொண்டு வீடு திரும்ப ஈப்போவில் கம்பார் போகும் பேருந்தில் ஏறினேன். என் நிறுத்தம் வந்தது. பெட்ரோல் நிலையத்தைப் பார்த்தேன், முச்சந்தியைப் பார்த்தேன், இறங்குவதற்கான மணியை அழுத்தவில்லை. பேருந்து கம்பார் வரை போனது. அங்கே நிலையத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கைப்பேசி வீட்டில் கிடந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் யாரோ என் சட்டைப் பையிலிருந்த மருத்துவமனை அட்டையைப் பார்த்து வாணிக்குக் கூப்பிட்டார்கள்.

அவள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. “எறங்க மறந்துட்டீங்களாப்பா?”

நான் ஆமாம் என்றேன்.

அந்த ஒரு ஆமாம் என்னை ஏழு மாதம் உள்ளே வைத்தது. வாணி கைப்பேசியில் தேடிப் படித்து, மறதி நோய் (மூளை மெல்ல மெல்ல நினைவை இழக்கும் நோய்) என்று தானே முடிவு செய்துவிட்டாள். மறுநாளிலிருந்து வாசல் கம்பிக்கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மாற்றுச் சாவி எதிர்வீட்டுச் சீனத்தி ஆ மோயிடம் இருந்தது. “தீ கீ பிடிச்சா அவங்க வந்து தொறப்பாங்க. நீங்க பயப்படாதீங்க” என்றாள். எனக்குப் பயம் எல்லாம் இல்லை. பயம்கூட வராததுதான் வியாதி என்று அப்போது தெரியாது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறக்கவில்லை, இறங்கி என்ன செய்வது என்று தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மறதி என்றால் வயது. மனது சரியில்லை என்றால் தஞ்சோங் ரம்புத்தான். எங்கள் பக்கத்தில் மனநல மருத்துவமனை என்று யாரும் சொல்வதில்லை, அது இருக்கும் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். பேருந்தில் சேட்டை செய்த பிள்ளைகளை நானே எத்தனை தடவை, “தஞ்சோங் ரம்புத்தான்ல எறக்கி விட்டுருவேன்” என்று மிரட்டியிருக்கிறேன். இப்போது வாயைத் திறந்தால் என்னை இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

காலை ஏழே முக்காலுக்குப் பூட்டு விழும் சத்தம் கேட்கும். பத்து மணிக்கு ஆ மோய் வாசலில் வந்து நின்று, “அங்கிள், மக்கான் சுடா?” என்று சாப்பிட்டாயிற்றா எனக் கேட்பாள். “சுடா” என்பேன். சில நாள் பொய். அவள் போனபின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்ப்பேன். நான் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயத்து வீட்டுக் கதவில் பூட்டே கிடையாது, திருட ஒன்றும் இல்லாததால். இங்கே நான்தான் பூட்டி வைக்கப்பட்ட பொருள்.

பகல் ஒன்றே காலுக்கு உடம்பு தானாக எழுந்து நிற்கும். பள்ளி விடும் நேரம். எங்கே போவது என்று தெரியாமல் கூடத்திலிருந்து சமையலறை வரை நடந்துவிட்டு உட்காருவேன். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் உள்ள நேரத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது. அது நகரவே நகராது.

இதற்கிடையில் சர்க்கரை நோய்க்கான வழக்கமான பரிசோதனை வந்தது. மிஸ்ஸி (தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு தாளை வைத்துக்கொண்டு மலாயில் வேகமாகக் கேள்வி கேட்டார். வயதானவர்கள் எல்லோரிடமும் கேட்பதாம். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா. பேருந்து எஞ்சின் பக்கமே இருந்து என் இடது காது பாதி போய்விட்டது. கடைசியாக, “பாக்சிக், ராசா கோசோங் தாக்?” என்றார்.

பாக்சிக் என்றால் மாமா, ராசா என்றால் ருசி. கோசோங் என்றால் வெறுமை. கடையில் தே ஓ கோசோங் என்று கேட்டால் சீனி இல்லாத தேநீர் வரும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “எப்பவும் கோசோங்தான் மிஸ்ஸி. சீனியத் தொடுறதே இல்ல” என்று மலாயில் பெருமையாகச் சொன்னேன். மிஸ்ஸி சிரித்தார். கிண்டல் பண்ணும் கிழவருக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். தாளில் ‘இல்லை’ கட்டத்தில் ஒரு கோடு போட்டார். கூட வந்திருந்த வாணியும் சிரித்தாள். “அப்பா கண்ட்ரோல்ல இருக்காரு” என்றாள்.

சில வாரம் கழித்து, பூட்டிய வீட்டில், இரண்டு மணிக்குத் தேநீர் கலக்கிக் குடித்தேன். சூடு மட்டும் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. “ராசா கோசோங்” என்று என் வாயே சொன்னது. குவளை கையில் இருக்க, அப்படியே நின்றேன். ராசா என்றால் ருசி மட்டுமில்லை, உணர்வதும் ராசாதான். அந்த அம்மாள் தேநீரைப் பற்றிக் கேட்கவில்லை. உனக்குள் வெறுமையாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஒரு வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. நான் சீனிக் கணக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சிரித்தேன். பிறகு அழுதேன். ராஜம்மாவின் சவப்பெட்டியை மூடியபோது வராத அழுகை. எதிர்வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்கு ஆறு வாரம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அன்று இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். பேச்சில் சிலோன் தமிழ்ச் சாயல். “ஐயா, உங்களுக்கு என்ன செய்யுது?”

“போன தடவ மிஸ்ஸி கோசோங்கான்னு கேட்டாங்க டாக்டர். நான் டீயச் சொல்றாங்கன்னு நெனச்சிட்டேன். டீ இல்ல. நான்தான் கோசோங்கா இருக்கேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்டார். “காலையில முழிப்பு வராம இருந்தா தேவலன்னு தோணும். வேற ஒண்ணும் செஞ்சுக்கத் தோணல” என்றேன். பக்கத்தில் இருந்த வாணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு இருப்பது மனச்சோர்வு நோய் (வாரக்கணக்கில் நீடித்து உடலையும் எண்ணத்தையும் முடக்கும் துயரம்) என்றார் மருத்துவர். வயதானவர்களுக்கு அது அழுகையாக வராமல் வயிற்று எரிச்சலாக, மூட்டு வலியாக, எரிந்து விழுவதாக வரக்கூடுமாம். மறதியையும் சோதித்துப் பார்த்தார். கிழமை, ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. எல்லாம் சொன்னேன்.

“தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புவீங்களா?”

“இல்லை ஐயா. ஒரு சின்னக் குளிசை, இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஆலோசகரோட கதைக்கிறது. வீட்டில இருந்தே சுகப்படலாம்.” குளிசை என்றால் மாத்திரை, கிழமை என்றால் வாரம் என்று புரிந்துகொண்டேன். பிறகு அவர் வாணியைப் பார்த்து, “வெளியில பூட்டாதீங்க” என்றார்.

வாணி காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள். “அப்ப அன்னைக்கு மறக்கலையா?”

“மறக்கலம்மா. எறங்கப் பிடிக்கல.”

“மறதிக்கு மருந்து இல்லன்னு படிச்சேன்ப்பா. ஆறு மாசமா ராத்திரி பாத்ரூம்ல போய் அழுதிட்டிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.” திட்டினாள், அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். அவள் தட்டிவிடவில்லை.

ஆனால் சாவி உடனே வரவில்லை. மறதியைவிட இது அவளுக்குப் பெரிய பயமாகிவிட்டது. மருந்து வேலை செய்யட்டும் என்றாள். முதல் இரண்டு வாரம் வாய் உலர்ந்தது, குமட்டியது, நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழவே இல்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விடாதீர்கள். எனக்கு ஐந்தாம் வாரம்தான் தெரிந்தது. ஒரு காலை நல்லெண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. மறுநாள் தாடி அரித்தது. எழுந்து மழித்தேன். தோல் தளர்ந்து, கன்னம் உள்ளே போய், வேறு யாருடைய முகத்தையோ மழிப்பது போல் இருந்தது. வாணி பார்த்தாள். தன் கைப்பையிலிருந்து சாவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சாவி வந்தவுடன் ஓடிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான்கு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிக்கதவின் உட்புறமே உட்கார்ந்திருந்தேன். பூட்டு வெளியே மட்டும் இருக்கவில்லை. இன்றும் சில நாள் அப்படித்தான்; மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிடுவேன். இந்த உடம்பு இனி பழைய நேரத்துக்குக் கிளம்பும் வண்டி இல்லை. நகரும்போது நகரும்.

ஐந்தாம் நாள் கதவைத் திறந்தேன். ஈப்போ போனேன். கடையில் தே ஓ கோசோங் கேட்டேன். கசந்தது. கசப்பு தெரிந்தது என்பதற்காகவே இன்னொன்று வாங்கிக் குடித்தேன். திரும்ப அதே கம்பார் பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பெட்ரோல் நிலையம் வந்தது. கை மடியிலேயே கிடந்தது. முச்சந்தி வந்தது. கையைத் தூக்கினேன், மணியை அழுத்தினேன்.

பேருந்து நின்றது. நான் எழ நேரமானது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “பாக்சிக், சினி?” என்று கேட்டார். இங்கேயா?

“சினி” என்றேன். இங்கேதான்.