கிளை கழித்த பிறகு வராத மழை

வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். கோபப்பட்டு என்ன செய்ய? அது பாட்டுக்கு மேலே சுற்றுகிறது. எங்கள் ஏலக்காய்த் தோட்டம் போனது போனதுதான்.

எண்பதுகளின் பிற்பாதி. போடியில் எங்கள் தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்த பாய் வீட்டில்தான் முதலில் டிவி வந்தது. செய்தி முடிகிற நேரத்தில், ராக்கெட்டில் ஏற்றிவிட்ட செயற்கைக்கோள் அங்கிருந்து எடுத்த மேகப் படத்தைக் காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் தவறாமல் போய்ப் பார்ப்பார். அன்றைக்குப் படத்தில் கேரளக் கரையைத் தொட்டுக்கொண்டு வெள்ளையாக ஒரு திட்டு. இரண்டொரு நாளில் மழைக்கு வாய்ப்பு என்றார்கள். இவர் அதை உறுதி என்றே எடுத்துக்கொண்டார்.

ஏலச்செடிக்கு வெயில் ஆகாது. பெரிய மரங்களின் நிழலில்தான் பிழைக்கும். மழைக்காலத்துக்கு மட்டும் வெளிச்சம் வேண்டுமென்று மரக்கிளைகளைக் கழித்துவிடுவோம். அதுவும் மழை விழுந்து மண் ஊறிய பிறகே அரிவாளை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் முந்தின வருஷம் ஈர மரத்தில் வழுக்கி விழுந்து எங்கள் ஆள் ஒருத்தருக்கு இடுப்பு ஒடிந்துபோனது. அது இவர் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. மரம் காய்ந்திருக்கும்போதே கழித்துவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை, கையோடு மழையும் வந்துவிடும் என்று நினைத்தார்.

"மண்ணு நனையட்டும்ங்க. ஊரே காத்துக் கெடக்கு, நமக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றேன்.

"மேல இருந்து போட்டோ புடிச்சுக் காட்டுறான், நீ என்னமோ பேசுற. சோலியப் பாரு புள்ள," என்று சொல்லிவிட்டு மலைமேல் இருக்கிற தோட்டத்துக்கு ஆட்களோடு ஜீப்பில் ஏறினார்.

தோட்டம் மொட்டையாகிவிட்டது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. சிரித்த முகமாகத்தான் இறங்கி வந்தார். மழைதான் வரவில்லை. படத்தில் இருந்த திட்டு வடக்கே நகர்ந்து கடலோடு போய்விட்டது. அதையும் அதே டிவியில் காட்டினார்கள், பாவிகள்.

வெயில் சுட்டெரித்தது. நான் மேலே போய்ப் பார்த்தபோது இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தது. ஓடையிலிருந்து குடம் குடமாகத் தூக்கி ஊற்றினோம். எத்தனை செடிக்கு ஊற்ற முடியும்? வெட்டிய கிளைகளையே எடுத்துச் செடிகளின் மேல் பந்தல்போல் பரப்பினார். அந்த இலையும் காய்ந்து உதிர்ந்தது. பக்கத்துத் தோட்டங்கள் நிழலுக்குள் வாடிக் கிடந்தாலும் உயிரோடு இருந்தன. எங்களுடையது தூரோடு செத்தது.

கடைசியில் மழை வந்தபோது தெருவே வாசலுக்கு வந்து நனைந்தது. இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மழைங்க," என்றேன்.

"கதவச் சாத்து," என்றார்.

அதன் பிறகு அவர் மலை ஏறவே இல்லை. மறுபடி நடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், காதிலேயே வாங்கவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. காய் பறிப்புக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியலில் கிளம்பும் ஜீப்பில் நான் ஏறினேன், பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலியாக. மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலம் தெரியும். முதுகைத் திருப்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.