உருளைச் செடிக்குத் தீட்டு

செலியமேட்டு அம்சவள்ளியின் அப்பனும் அம்மாவும் ஊரான் வயலில் குனிந்தே முதுகு கூனியவர்கள். இவள் வில்லியனூர்ப் பக்கத்துத் தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்ணாடி மேசைமேல் குனிகிறாள். கூலிதான் மாதச் சம்பளமாயிற்று, குனிவது மாறவில்லை.

அங்கே வளர்வது உருளைக்கிழங்கு. கருகல் நோய் வந்தால் மலைத்தோட்டத்து உருளை மொத்தமும் கருகிப்போகும். அந்த நோய்க்கு அசையாத காட்டு இனம் ஒன்று உண்டு. மகரந்தம் தூவினால் நம் உருளையோடு அது சேராது. அதனால் இரண்டின் இலைச் செல்களையும் பிரித்து, மேலுறையைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி ஒன்றாக ஒட்டுகிறார்கள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிழைக்கும். அப்படிப் பிழைத்த ஒரே வகையை நாலு வருசமாகப் பாட்டிலுக்குப் பாட்டில் மாற்றி நட்டு உயிரோடு வைத்திருந்தவள் அம்சவள்ளி. தூசு விழுந்தால் பூஞ்சை பிடிக்கும். தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிப்போய்த் தும்முவாள்.

ஆயுத பூசை வந்தது. மேலாளர் ராஜேஷ் முனைவர் பட்டம் வாங்கியவர். வளர்ப்பு அறைக்குள்ளேயே பூசை என்றார். மேசைக்குச் சந்தனம், பாட்டில் அடுக்குக்குச் சாமந்தி மாலை, தரையெல்லாம் பொரி. கற்பூரப் புகை கண்ணைக் கரித்ததும் கதவையும் திறந்து வைத்தார்கள். வேண்டாமென்று சொல்ல அம்சவள்ளிக்கு வாய்வரை வந்தது. சாமி காரியத்தில் வாயைக் கொடுத்து வேலையை இழப்பானேன் என்று அவளும் பொரியை வாங்கித் தின்றாள்.

அடுத்த வாரம் பாட்டிலெல்லாம் பூஞ்சை.

ராஜேஷ் அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, பூசை அன்னிக்கு நீ தூரமா? உள்ள வரக்கூடாதுன்னு தெரியாது?"

பாட்டில் கழுவும் தேவி களுக்கென்று சிரித்துவிட்டாள். "இன்னா சார் நீங்க! அக்காவுக்குக் கர்ப்பப்பைய எடுத்தே ரெண்டு வருசம் ஆவுது. ஆபரேஷனுக்கு லீவு குடுத்ததே நீங்கதான?"

ராஜேஷின் முகம் சுருங்கியது. "அப்ப கை சுத்தமில்ல. எங்கெங்க இருந்தோ வர்றீங்க."

செல்லின் உறையைக் கரைக்கக் கற்றவர் சொன்ன சொல் இது.

"நாலு வருசமா இதே கைதான் சார்" என்றாள் அம்சவள்ளி. சண்டை போடத் தெம்பில்லை. "ரெண்டு மூணு பாட்டில்ல நுனி இன்னும் பச்சையா இருக்குது. ஒரு தபா உள்ள வுடுங்க. கிள்ளி மாத்திப் பாக்கறேன்."

"வெள்ளிக்கிழமை ஐயர் வர்றாரு. ஹோமம் முடியட்டும். அதுவரைக்கும் நீ தேவிகூடப் பாட்டில் கழுவு."

பூஞ்சை வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. ஐயர் வந்தார்; அந்த அறையிலேயே மறுபடியும் புகை போட்டார். மாலையில் பாட்டில்கள் கழுவுமிடத்துக்கு வந்துசேர்ந்தன. அம்சவள்ளி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பச்சை எதிலும் இல்லை. நோய்பிடித்த பாட்டிலை ஆவியில் வேகவைத்துக் கொன்ற பிறகுதான் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆவிக் கொப்பரையில் அடுக்கி மூடியை முறுக்கினாள்.

"டீ குடிக்கலாம் வாக்கா" என்றாள் தேவி.

"நீ போடி. இது வேகட்டும், வரேன்."